வரிக் குறுங்காடையா, மஞ்சள்கால் குறுங்காடையா? களத்தில் பிரித்தறிய முழுமையான வழிகாட்டி

"காலைப் பார். மஞ்சளாக இருந்தால் மஞ்சள்கால் குறுங்காடை, சாம்பலாக இருந்தால் வரிக் குறுங்காடை." புதிதாகப் பறவை பார்க்க வருகிறவர்களுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறோம். சொன்னதில் பிழையில்லை. ஆனால் குறுங்காடை, அதாவது காடை மாதிரித் தோன்றும் இந்தச் சின்னத் தரைப்பறவை, தன் காலைக் காட்டிக்கொண்டு நிற்கிற பறவை இல்லை. புல்லுக்குள் முக்கால் உடல் மறைந்திருக்கும், வெளியே வந்தால் பத்து விநாடி நிற்கும், அந்தப் பத்து விநாடியையும் காலைத் தேடுவதில் செலவழித்தால் மார்பு, கழுத்து, கண் எதையும் பார்த்திருக்க மாட்டோம். பிறகு வீட்டுக்கு வந்து படப் புத்தகத்தைத் திறந்தால் நினைவில் இருப்பது ஒரு பழுப்பு உருண்டை மட்டும்தான்.

எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசிக்கு வைப்பது என்ற வரிசைதான் இந்த வேலையில் பாதி. அந்த வரிசையில் கீழே எழுதியிருக்கிறேன். வரிக் குறுங்காடையின் அறிவியல் பெயர் டர்னிக்ஸ் சஸ்கிடேட்டர். மஞ்சள்கால் குறுங்காடையின் பெயர் டர்னிக்ஸ் டாங்கி. இரண்டும் ஏறக்குறைய 15 செ.மீ. நீளம். அளவை வைத்துப் பிரிக்கலாம் என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள்.

1. போவதற்கு முன்: கருவியும் நேரமும்

இருநோக்கி வாங்கும்போது எல்லோரும் எவ்வளவு தூரம் தெரியும் என்றுதான் கேட்கிறார்கள். குறுங்காடைக்கு எவ்வளவு பக்கத்தில் தெரியும் என்று கேட்க வேண்டும். இந்தப் பறவை பெரும்பாலும் ஐந்தாறு மீட்டருக்குள்தான் இருக்கும். இரண்டு மீட்டர் பக்கத்தில் இருப்பதையும் தெளிவாகக் காட்டும் 8x42 (எட்டு மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன்வில்லை) இருநோக்கி போதும். பத்து மடங்கு பெருக்கம் இங்கே தொல்லைதான். பார்வைப் புலம் குறுகி, புல்லுக்குள் பறவையைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டிவரும்.

சிறிய குறிப்பேடு ஒன்றில், போகும் முன்பே காடை வடிவத்தில் ஒரு வெற்றுக் கோட்டுப்படம் வரைந்துவையுங்கள். பறவை மறைந்தவுடன் எங்கே பட்டை, எங்கே புள்ளி என்று அதில் குறித்துவிடலாம். நினைவு ஐந்து நிமிடத்தில் திருத்த ஆரம்பித்துவிடும். பார்க்க ஆசைப்பட்டதைப் பார்த்ததாகச் சொல்லும்.

விடிந்த முதல் ஒன்றரை மணி நேரமும், மாலை வெயில் தாழ்கிற நேரமும் நல்லவை. புல்வெளியை ஒட்டிய மண்பாதைகளுக்கு இவை அப்போது விதை பொறுக்கவும் பூச்சி தேடவும் மண்குளியல் போடவும் வரும். பாதையில் பறவை முழுதாகத் தெரியும் என்பதால், புல்லுக்குள் போய்த் தேடுவதைவிடப் பாதையோரம் உட்காருவது மேல்.

2. காத்திருங்கள், கிளப்பாதீர்கள்

புதியவர்கள் செய்யும் முதல் தவறு, புல்லை மிதித்துக்கொண்டு நடந்து பறவையைக் கிளப்புவது. குறுங்காடை காலடிக்கு அருகில் வரும்வரை அசையாமல் பதுங்கியிருக்கும். கடைசி நொடியில் எழும்பி, தாழப் பறந்து, சிறிது தூரத்தில் புல்லுக்குள் விழுந்துவிடும். உங்களுக்குக் கிடைப்பது அதன் முதுகுப்புறம் மட்டும். இரண்டு இனங்களையும் பிரிக்கும் அடையாளங்கள் பெரும்பாலும் முன்புறத்தில் இருக்கின்றன.

விழுந்த இடத்துக்கு ஓடினால் பயனில்லை. இறங்கியதும் நடந்து வேறு பக்கம் போயிருக்கும். இரண்டாவது முறை எளிதில் எழும்பவும் செய்யாது. அது அடைகாத்துக்கொண்டிருந்த பறவை என்றால், நீங்கள் திரும்பத் திரும்ப மிதித்துத் திரிவது முட்டைகளுக்கு ஆபத்து. கூடு என்பது புல்தூரின் அடியில் தரையிலுள்ள சிறு குழிவுதான். மிதித்த பிறகுதான் தெரியும்.

எனவே பாதை வளைவு ஒன்றில், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி உட்காருங்கள். நிறுத்திய வண்டிக்குள் இருப்பது இன்னும் நல்லது.

3. முதலில் இது குறுங்காடையா என்று உறுதிசெய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். உண்மையான காடைகளில் ஒன்றான காட்டுக்காடையின் ஆணுக்கு வெள்ளையும் கறுப்புமாக மார்பில் நெருங்கிய பட்டைகள் உண்டு. அதைப் பார்த்துவிட்டு வரிக் குறுங்காடை என்று எழுதியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

குறுங்காடைகள் உண்மையான காடைகளே இல்லை. உயிரியல் வகைப்பாட்டில் காடை, கௌதாரி, கோழி எல்லாம் ஒரு வரிசை. குறுங்காடைகள் உள்ளான்களும் ஆலாக்களும் சேர்ந்திருக்கும் கரைப்பறவை வரிசையைச் சேர்ந்தவை. புல்லுக்குள் ஒரே மாதிரி வாழ்வதால் ஒரே மாதிரி உருவம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். இந்த வேறுபாடு காலில் எழுதியிருக்கிறது: குறுங்காடைக்கு முன்னோக்கிய மூன்று விரல்கள் மட்டுமே, பின்விரல் கிடையாது. காடைக்கு நான்கு விரல். நல்ல படம் இருந்தால் இதை எண்ணிப் பார்க்கலாம்.

விரல் தெரியாவிட்டால் முகத்தைப் பாருங்கள். குறுங்காடையின் கண் வெளிறியது, ஏறக்குறைய வெண்மை. நடுவில் கறுப்புப் பாவை, சுற்றிலும் வெள்ளை என்பதால் திடுக்கிட்டு விழிப்பதுபோல் இருக்கும். காடைகளின் கண் அடர்நிறம். அதோடு, காட்டுக்காடைக்குக் கண்ணுக்கு மேலே நீண்ட, தெளிவான புருவக்கோடு இருக்கும். குறுங்காடையின் முகத்தில் அப்படி ஒரு கோடு இல்லை, பொடிப் பொடியான புள்ளிகளே இருக்கும். அலகும் கோழி அலகுபோல் தடித்து வளைந்திராமல் மெல்லியதாக இருக்கும்.

எண்ணிக்கையும் துணைசெய்யும். காட்டுக்காடைகள் கூட்டமாக இருந்து, ஒரே நேரத்தில் பட்டாசு சிதறியதுபோல் நாலாபுறமும் பறக்கும். குறுங்காடை தனியாக அல்லது இணையாக இருக்கும்.

மழைக்காடையின் ஆணுக்கு மார்பில் கறுப்பு உண்டு என்பதால் அதுவும் குழப்பும். ஆனால் அதன் தொண்டை வெள்ளை, அதன்மேல் நங்கூரம்போல் கறுப்புக்கோடு. பெண் வரிக் குறுங்காடையில் தொண்டையே கறுப்பு.

4. ஆணா பெண்ணா? இதற்குப் பதில் தெரியாமல் ஒப்பிட வேண்டாம்

குறுங்காடைகளில் பெண்தான் பெரியது, பெண்தான் பளிச்சென்ற நிறம். பெண்தான் குரல் கொடுத்து இடத்தை உரிமை கொண்டாடும். மற்றப் பெண்களை விரட்டும். ஒரு ஆணோடு சேர்ந்து முட்டையிட்டு, அவற்றை அவன் பொறுப்பில் விட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போகும். வழக்கமாக நான்கு முட்டைகள். பன்னிரண்டு நாள் அளவில் அடைகாத்துக் குஞ்சு பொரித்து வளர்ப்பது முழுக்க ஆணின் வேலை.

இதை உயிரியல் வியப்பாகச் சொல்லவில்லை. அடையாளம் காண இது தேவை. மயிலையும் கோழியையும் பார்த்துப் பழகிய நம் கண், பளிச்சென்ற பறவையை ஆண் என்றும் மங்கலானதைப் பெண் என்றும் எழுதிவிடும். பிறகு புத்தகத்தில் தவறான படத்தோடு ஒப்பிட்டு, "கழுத்தில் கறுப்பு இல்லை, ஆகவே இது வரிக் குறுங்காடை இல்லை" என்ற முடிவுக்கு வருவார்கள்.

குஞ்சுகளோடு நடக்கும் வளர்ந்த பறவையைப் பார்த்தால் அது ஆண் என்று கொள்ளுங்கள். அதனிடம் கறுப்புத் தொண்டையையோ செம்பழுப்புப் பிடரியையோ எதிர்பார்க்காதீர்கள். தாய் என்று நினைத்து நானும் முதல் ஆண்டு முழுக்கக் குறிப்பேட்டில் தலைகீழாக எழுதியிருக்கிறேன். பக்கங்களைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன், புதியவர்களுக்குக் காட்ட.

5. மார்பு: பட்டையா, புள்ளியா?

பத்து விநாடி கிடைத்தால் முதல் ஐந்தை இங்கே செலவிடுங்கள். ஆண், பெண் இரண்டுக்கும், எந்தப் பருவத்திலும் உதவக்கூடிய அடையாளம் இதுதான். அலகும் மார்பும் புல்லுக்கு மேலே தெரியக்கூடிய பகுதி என்பதும் ஒரு காரணம்.

வரிக் குறுங்காடையின் மார்பில் குறுக்கே ஓடும் கறுப்புப் பட்டைகள் இருக்கும். வெளிர்மஞ்சள் தரையில் மெல்லிய கறுப்பு அலைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியதுபோல், கழுத்தின் பக்கங்களிலிருந்து மார்பு முழுவதும் பரவும். பட்டைகள் முடிந்த இடத்துக்குக் கீழே வயிறும் வாலடியும் பட்டையற்ற செம்பழுப்பு. பெண்ணுக்கு இதன்மேல் மோவாயிலிருந்து மார்பின் நடுவரை கறுப்பு இறங்கியிருக்கும். ஆணுக்கு அந்தக் கறுப்பு இல்லை. தொண்டை வெளிர்நிறம், பட்டைகள் மட்டும் உண்டு.

மஞ்சள்கால் குறுங்காடையின் மார்பின் நடுப்பகுதி வெறுமையாக இருக்கும். ஆரஞ்சு கலந்த வெளிர்பழுப்பு, அதில் கோடு கிடையாது. மார்பின் இரு ஓரங்களிலும் தனித்தனியான, வட்டமான கறுப்புப் புள்ளிகள். மை தொட்ட விரல்நுனியால் ஒற்றியெடுத்ததுபோல் ஒவ்வொன்றும் பிரிந்து நிற்கும். வயிறு வெளிறியிருக்கும்.

கேள்வியை இப்படிக் கேட்டுக்கொள்ளுங்கள்: மார்பின் நடுவில் ஏதாவது கறுப்பு இருக்கிறதா? ஓரத்தைப் பார்த்துப் பட்டையா புள்ளியா என்று யோசித்தால் குழம்புவீர்கள். பக்கவாட்டில் நிற்கும் வரிக் குறுங்காடையின் பட்டைகள், உடல் வளையும் இடத்தில் துண்டு துண்டாகத் தெரிந்து புள்ளி மாதிரி ஏமாற்றும். நடுமார்பு அப்படி ஏமாற்றாது.

ஒரு விதிவிலக்கை மனத்தில் வையுங்கள். பருவம் வராத இளம் வரிக் குறுங்காடைகளில் பட்டைகள் ஒழுங்காக அமைந்திருக்காது. மார்பில் புள்ளிகளாகவே தெரியும். உடல் சிறுத்து, கண் முழுமையாக வெளிறாமல் இருந்தால் இளம் பறவையோ என்று சந்தேகப்படுங்கள். அப்போது ஏழாவது படியில் சொல்லும் அலகையும் காலையும்தான் அதிகம் நம்ப வேண்டும்.

6. இறக்கை, முதுகு, பிடரி

மூடிய இறக்கையின் மேற்பகுதியில், மஞ்சள்கால் குறுங்காடைக்கு வெளிர்மஞ்சள் தரையில் வட்டக் கறுப்புப் புள்ளிகள் சிதறியிருக்கும். முதுகு அதிகக் குறிகளில்லாத சாம்பல் பழுப்பு. இந்த இரண்டும் சேர்ந்து "சுத்தமான" பறவை என்ற எண்ணத்தைத் தரும். வரிக் குறுங்காடையின் மேற்புறம் கறுப்பு, பழுப்பு, வெளிர்கோடு என்று நெருக்கமாகக் கலந்து சருகு மாதிரி இருக்கும்.

வரிக் குறுங்காடையின் இறக்கையிலும் கறுப்புக் குறிகள் உண்டு. சில படங்களில் அவை புள்ளிகளைப் போலவே விழும். அதனால்தான் மார்பை முதலில் வைத்தேன். இறக்கையில் தொடங்கியவர்கள் தடுமாறுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

பிடரியில் அகலமான செம்பழுப்பு வளையம் இருந்தால் அது மஞ்சள்கால் குறுங்காடையின் பெண், அதுவும் இனப்பெருக்கக் காலத்தில். வளையம் இல்லாததை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். ஆணுக்கு அது இல்லை, பருவம் கழிந்த பெண்ணுக்கும் மங்கிவிடும்.

முதுகின் பொதுநிறத்தை நம்ப வேண்டாம். வரிக் குறுங்காடையிலேயே வட்டார வகைகள் பல. தீபகற்ப இந்தியாவின் டைகூர் வகை, இலங்கையின் லெகியை வகை, வடகிழக்கின் பிளம்பிபெஸ் வகை என்று செம்பழுப்பும் சாம்பல் பழுப்பும் இடத்துக்கு இடம் மாறும். பிளம்பிபெஸ் என்றால் ஈயக்கால் என்று பொருள். அடுத்த படிக்குப் பொருத்தமான பெயர்.

7. அலகு, அதன் பிறகு கால்

காலுக்கு முன் அலகைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், அலகில் சேறு அவ்வளவாக ஒட்டுவதில்லை. மஞ்சள்கால் குறுங்காடையின் அலகிலும் மஞ்சள் உண்டு. பெண்ணிடம் நன்றாகத் தெரியும். ஆணிடம் அடிப்பகுதியில் மஞ்சளும் மேல்விளிம்பில் கருமையும் இருக்கும். வரிக் குறுங்காடையின் அலகு நீலம் கலந்த சாம்பல்.

கால்: முன்னதற்குத் தெளிவான மஞ்சள், பின்னதற்கு ஈயச் சாம்பல். கால் உண்மையாகவே தெரிந்தால் இது உறுதியான அடையாளம்தான். தெரிந்ததாக நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல்.

மழைக்குப் பிந்தைய செம்மண் பாதையில் ஒருமுறை மஞ்சள் கால் என்று மகிழ்ந்து நிறையப் படம் எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால், கால்மூட்டு வரை காய்ந்த சேறு. மூட்டுக்கு மேலே ஈயச் சாம்பல். மார்பைப் பார்த்திருந்தால் அந்த இடத்திலேயே தெரிந்திருக்கும். கால் தெரிந்த மகிழ்ச்சியில் மார்பைப் பார்க்கவேயில்லை.

மாலை வெயில் இன்னொரு ஏமாற்று. தாழ்ந்த சூரிய ஒளியில் சாம்பல் நிறமெல்லாம் மஞ்சளேறும். படத்தில் பக்கத்தில் கிடக்கும் கல்லையும் காய்ந்த புல்லையும் பாருங்கள்; கல்லும் மஞ்சளாகத் தெரிந்தால் கால் நிறத்துக்கு மதிப்பில்லை. கேமராவின் வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) தானியங்கியில் விடாமல் பகலொளிக்கு வைத்தால் குறைந்தபட்சம் எல்லாப் படங்களும் ஒரே மாதிரி இருக்கும்.

சாலையில் அடிபட்டுக் கிடக்கும் பறவையில் கால் நிறம் சீக்கிரம் மங்கிவிடும். அங்கே விரல்களை எண்ணி, மார்பைப் படம் எடுங்கள்.

8. பறந்துவிட்டால்

எழும்பிப் பறக்கும்போது இரண்டிலும் இறக்கையின் முன்பகுதி வெளிர்ந்தும் பின்பகுதி கருத்தும் தெரியும். மஞ்சள்கால் குறுங்காடையில் இந்த வேறுபாடு கூர்மையாக இருக்கும். ஆனால் ஒற்றைப் பறவையைத் தனியாகப் பார்த்து "கூர்மையா, மிதமா" என்று சொல்ல நிறைய அனுபவம் வேண்டும். எனக்கு இன்னும் துணிவில்லை. வாலடி அடர்ந்த செம்பழுப்பாகத் தெரிந்தால் வரிக் குறுங்காடை பக்கம் சாயலாம். சாயலாம் என்பதற்கு மேல் வேண்டாம்.

9. குரல்

இரண்டிலும் பாடுவது பெண். பார்வைக்கு அகப்படாத பறவையைக் காதால் பிடிப்பது சில இடங்களில் எளிது.

வரிக் குறுங்காடையின் குரலை அது பறவை என்றே தெரியாமல் பலர் கேட்டிருப்பார்கள். தொலைவில் மோட்டார் சைக்கிள் ஓடுவதுபோல் "ட்ர்ர்ர்ர்ர்" என்று சில விநாடிகள் நீளும்; சட்டென்று நிற்கும். தொடக்கத்தில் "ஊன்... ஊன்" என்று ஆழ்ந்த முழக்கம் சில கேட்கலாம். வண்டி நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை, அதே இடத்திலிருந்து மறுபடி மறுபடி வருகிறது என்றால் குறிப்பேட்டை எடுங்கள்.

மஞ்சள்கால் குறுங்காடை இந்த உருட்டல் இல்லாமல், தாழ்ந்த குரலில் மனிதர் முனகுவதுபோல் திரும்பத் திரும்பக் கூப்பிடும். போகப் போக ஓசை கூடும்.

இரண்டும் மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட ஒலிகள். திசை பிடிபடாது, பக்கத்தில் இருப்பதுபோல் தோன்றும், தேடினால் இருக்காது. கைபேசியில் பதிவுசெய்தால் இரைச்சல் குறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது தாழ்ந்த ஒலியைக் காற்றிரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். திரும்பக் கேட்டால் பூச்சிச் சத்தம் மட்டும் இருக்கும்.

பதிவை ஒலிபெருக்கியில் போட்டு அழைக்காதீர்கள். குரலுக்கு மறுகுரல் கொடுக்க ஓடிவரும் இயல்பைப் பயன்படுத்தித்தான் இவற்றைப் பொறியில் பிடித்தார்கள். குறுங்காடைகளைப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதே தந்திரத்தைப் படத்துக்காகச் செய்தாலும் பறவைக்குத் தொல்லை ஒன்றுதான்.

10. மூன்றாவது பறவையை மறக்காதீர்கள்

இரண்டில் ஒன்று என்று முடிவுசெய்துகொண்டு போகிறவர்கள் சின்னக் குறுங்காடையை மஞ்சள்கால் என்று எழுதிவிடுகிறார்கள். அதற்கும் மார்போரத்தில் புள்ளிகள் உண்டு. ஆனால் அது இன்னும் சிறியது, 13 செ.மீ. அளவு, கால் வெளிறிய இளஞ்சிவப்புச் சாயல், அலகு நீலச்சாம்பல், வால் கூர்ந்திருக்கும், முதுகில் செம்பழுப்பும் வெளிர்கோடுகளும் நிறைய. புள்ளியைக் கண்டதும் "மஞ்சள்கால்" என்று எழுதாமல், அலகில் மஞ்சள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதற்காகவும்தான்.

11. இடமும் பருவமும் எவ்வளவு உதவும்?

கொஞ்சம்தான். இரண்டும் புல்வெளி, புதர்க்காடு, பயிர்நிலம் என்று ஒரே இடங்களில் வாழக்கூடியவை. வரிக் குறுங்காடை ஊரோரப் புதர்களிலும் தோட்ட விளிம்புகளிலும் அதிகம் தட்டுப்படும். இந்தியத் தீபகற்பத்தில் பொதுவாகக் கூடுதலாகக் காணப்படுவதும் அதுதான். இலங்கையில் நிலையாக வாழ்ந்து இனப்பெருக்கம் செய்வது வரிக் குறுங்காடை. அந்தமான் நிக்கோபார் தீவுகளில் மஞ்சள்கால் குறுங்காடை உண்டு.

மஞ்சள்கால் குறுங்காடையின் பரவல் இந்தியாவிலிருந்து சீனா, கொரியா, ரஷ்யாவின் தூரக்கிழக்கு வரை நீள்கிறது. வடக்கே உள்ளவை குளிர்காலத்தில் தெற்கே வலசை போகும். ஆகவே "இங்கே இதுவரை யாரும் பார்த்ததில்லை" என்பது மறுப்பாகாது. "இங்கே இதுதான் இருக்கும்" என்பது சான்றும் ஆகாது. இடத்தை முதலில் வைத்துக்கொண்டு பறவையைப் பார்த்தால் கண் இடத்துக்கு ஏற்றபடி வளைந்துகொடுக்கும். அதனால் இதைக் கடைசிப் படிகளில் தள்ளியிருக்கிறேன்.

12. பதிவு எழுதும்போது

பறவை மறைந்தவுடன், புத்தகத்தைத் திறக்கும் முன், கோட்டுப்படத்தில் இந்த வரிசையில் குறியுங்கள்: நடுமார்பு, தொண்டை, மார்போரம், இறக்கை, பிடரி, அலகு, கால். பார்க்காத பகுதிக்கு "பார்க்கவில்லை" என்று எழுதுங்கள். வெற்றிடமாக விட்டால் வீட்டுக்குப் போனபின் கை தானாக நிரப்பிவிடும்.

கால் தெரிந்தது என்றால் சேறு இருந்ததா, வெயில் எந்தப் பக்கம், எத்தனை மணி என்றும் எழுதுங்கள். பின்னால் வேறொருவர் சரிபார்க்கும்போது முதலில் கேட்கும் கேள்விகள் இவை.

முடிவுக்கு வர, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு அடையாளங்களாவது பொருந்த வேண்டும். மார்பும் அலகும், மார்பும் காலும், குரலும் தொண்டையும் என்பதுபோல. ஒன்று மட்டும் கிடைத்தால், அது எவ்வளவு உறுதியாகத் தோன்றினாலும், பறவைப் பதிவுகளுக்கான இணையதளமான இ-பேர்ட் பட்டியலில் இனம் குறிப்பிடாத குறுங்காடை என்ற தெரிவு இருக்கிறது, அதில் போடுங்கள். என் குறிப்பேட்டில் உள்ள குறுங்காடைகளில் ஏறக்குறைய பாதி அந்தத் தலைப்பின்கீழ்தான் கிடக்கின்றன. பெரும்பாலும் முதுகை மட்டும் காட்டிவிட்டுப் போனவை.

கூட்டைக் கண்டால் அதன் துல்லியமான இடத்தைப் பொதுப் பதிவில் போடாதீர்கள். அடைகாக்கும் ஆண் திரும்பி வரும்படி அங்கிருந்து வந்த வழியே விலகிவிடுங்கள். புல்லை விலக்கிப் படம் எடுத்தால், கீரிக்கும் காகத்துக்கும் வழி காட்டியதாகிவிடும்.